நெய்தவனுக்கு என்ன?

பம்பாய் என்று நாம் சொல்லிப் பழகிய மும்பையின் நடுவிலே பரேல், லால்பாக் முதலிய பகுதிகளைப் பழைய மக்கள் இன்றும் 'கிரண்காவ்' என்கிறார்கள். ஆலைக் கிராமம் என்று பொருள். 1850-களில் தார்தேவில் முதல் பஞ்சாலை எழுந்தது. அதன் பின் ஆலை மேல் ஆலையாகக் கட்டினார்கள். கொங்கணக் கடற்கரையிலிருந்து குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஓர் அறையில் பத்துப் பேர், பதினைந்து பேர்; பகல் முறைக்காரன் எழுந்த பாயில் இரவு முறைக்காரன் படுப்பான். அப்படி வாழ்ந்துதான் அந்தச் சதுப்பு நிலத்தை அவர்கள் ஒரு நகரமாக்கினார்கள்.

இன்று அங்கே சங்கு ஊதுவதில்லை. கண்ணாடி மாளிகைகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. சில இடங்களில் பழைய புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள்.

துணி நெய்வது நின்றுவிட்டதா என்றால், இல்லை. தறிகள் நகரத்துக்கு வெளியே, வடகிழக்கில் உள்ள பிவண்டிக்குப் போயின. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். பல ஆலைகளின் கதவுகள் பிறகு திறக்கவே இல்லை. ஆனால் அதற்கு முன்பே வேலை நகரத் தொடங்கிவிட்டது. நகரின் நடுவில் நிலம் விலை ஏறினால், மலிவான இடத்தையும் மலிவான கையையும் தேடித் தொழில் வெளியே போகும். பிவண்டியில் தறிகள் சின்னச் சின்னக் கொட்டகைகளாகச் சிதறிக் கிடக்கின்றன. தொழிற்சாலைச் சட்டம் அந்த வாசல்களை எளிதில் மிதிப்பதில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நெய்த கஜத்துக்குக் கூலி வாங்குகிறார்கள்.

தொழில் இடம் மாறுவதையே அதர்மம் என்று நான் சொல்லவில்லை. என் மனத்தை அரிக்கும் கேள்வி வேறு. தொழில் போன பிறகு, அது இருந்த இடம் யாருடையது?

"பணம் போட்டவன் நான், நஷ்டப்பட்டவனும் நான். உழைத்ததற்குக் கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது" என்பார் முதலாளி. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அதே பம்பாய் ராஜ்யத்தில் 1957 ஏப்ரல் முதல் தேதி என்ன நடந்தது? குத்தகைக்கு உழுதவனே, உரிய விலையைத் தவணையில் கட்டி, அந்த நிலத்தைப் பெறலாம் என்று சட்டம் சொல்லிற்று. உழுதவனுக்கு மண்ணில் ஒரு பாத்தியதை உண்டு என்பதை நம் மனச்சாட்சி ஒப்புக்கொண்டது. கொங்கணத்தில் ஏர் பிடித்த அண்ணனுக்கு உள்ள நியாயம், பரேலில் தறி ஓட்டிய தம்பிக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று?

இந்தக் கேள்வி அரசாங்கத்துக்கும் தோன்றாமல் இல்லை. ஆலை நிலங்கள் சுமார் 600 ஏக்கர். அவற்றைப் புதிதாகக் கட்டும்போது ஒரு பங்கு உரிமையாளருக்கு, ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்று 1991-இல் விதி செய்தார்கள். 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி மனையை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். ஆலையில் காலி மனை எவ்வளவு இருக்கும்? வழக்கு நடந்தது, 2006-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. 2012 முதல் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் சில ஆயிரம் வீடுகள் கிடைத்தன. கேட்டு நின்றவர்களோ லட்சத்துக்கும் மேல். உரிமையாக வர வேண்டியது அதிர்ஷ்டப் பரிசாக வந்தது.

சட்டம் தீர்ந்த இடத்தில் தர்மம் தீர்ந்துவிடுவதில்லை என்றே நான் நினைக்கிறேன். ஒரு நிலத்துக்கு விலை தானாக ஏறுவதில்லை. அதைச் சுற்றி மூன்று தலைமுறை மனிதர்கள் வாழ்ந்ததால் ஏறுகிறது. வாரக் கூலி அந்த வாரத்து உழைப்புக்குத்தான் ஈடு. அந்த ஏற்றத்தில் அவனுக்குரிய பங்கை யாரும் கொடுக்கவில்லை.

இப்போது பிவண்டியிலும் பெரிய பெரிய கிடங்குகள் எழுந்துவிட்டன. அங்கும் ஒருநாள் தறிக் கொட்டகையைவிட அது நிற்கும் மண்ணே அதிகம் பெறும். அன்றைக்கு அந்தத் தறிக்காரன் நம்மைப் பார்த்துக் கேட்டால், அவன் நெய்த துணியை உடுத்திக்கொண்டு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?