நிறத்துக்கு முன்னால்

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் முழுக்க நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். ஊதா நுனி, பச்சை உடல், ரோஜா நிற விளிம்பு என்று. சில வருடம் தாக்குப்பிடித்தவர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். வாரா வாரம் அதே எண். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் இந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். "அயித்தை, இந்த வாரமும் எட்டுதான்" என்று போனில் சொல்கிறான். ஓர் எண் மாறாமல் இருப்பதில் ஒருவனுக்கு இத்தனை நிறைவா என்ற கேள்வி, காரைக்குடியில் இருந்துகொண்டு கடலை எப்போதாவது பார்க்கிற என்னைப் பிடித்துக்கொண்டது.

எட்டு என்பது தொட்டி நீரின் ஆல்கலினிட்டி. நீரில் கரைந்து நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு என்று பொதுவாகச் சொல்லலாம். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கு இதுவும் கால்சியமும் வேண்டும். இயற்கையான கடல்நீரில் ஆல்கலினிட்டி ஏறக்குறைய 7 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே, மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. தொட்டியில் 7 இருந்தாலும் பவளம் வளரும், 9 இருந்தாலும் வளரும். இன்றைக்கு 7, நாளைக்கு 9, மறுநாள் மறுபடி 7 என்று ஆடினால்தான் நுனி வெளுக்கும், அடியிலிருந்து சதை உரியும். எந்த எண் என்பதைவிட எத்தனை நாள் அதே எண் என்பதுதான் பவளத்துக்குக் கணக்கு.

அந்த எண் தானாக நிற்பதில்லை. பவளம் வளர வளர நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொண்டே இருக்கிறது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே தினமும் நல்ல நீர் ஊற்றி உப்பைச் சரிப்படுத்த வேண்டும், பவளம் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். நீரோட்டம் நிற்கக்கூடாது. தொட்டி நீர் முழுவதையும் மணிக்கு இருபது முப்பது முறை சுழற்றும் அளவுக்கு மோட்டார்கள் அலை எழுப்பிக்கொண்டிருக்கும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும் அந்த நிலையை, உள்ளே இத்தனை வேலை சேர்ந்து தாங்கிக்கொண்டிருக்கிறது.

திருப்பித் தருவதற்கு அவன் பயன்படுத்தும் பொருளைக் கேட்டபோது எனக்கு வியப்பாகிவிட்டது. சுண்ணாம்புத் தெளிநீர். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஐரோப்பாவில் 1970-களில் சுவிட்சர்லாந்துக்காரர் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய முறை இது. பவள வளர்ப்பாளர்கள் இன்றும் அதன் ஜெர்மன் பெயரான கால்க்வாசர் என்றே சொல்கிறார்கள். அந்த நீரின் பி.எச். 12-க்கும் மேலே. கடல்நீருக்கோ 8-ஐ ஒட்டித்தான். ஒரு கோப்பையை மொத்தமாக ஊற்றினால் நீர் பாலாகி, கரைந்திருந்த கால்சியமும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் இறங்கும், உயிர்கள் துடித்துப்போகும். அதையே இரவு முழுக்கச் சொட்டவிட்டால் பவளம் தின்று வளரும். இரவுதான் நல்லது. வெளிச்சம் இல்லாதபோது ஒளிச்சேர்க்கை நின்று பி.எச். இறங்கும். அந்த இறக்கத்தை இந்தச் சொட்டு தாங்கிப் பிடிக்கும்.

சுண்ணாம்பு என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு வருடத்துக்குப் பிறகும் பளிங்கு போல வழுக்கும், வெயில் காலத்தில் கன்னத்தை வைத்தால் குளிரும். அது சாயத்தின் மினுக்கு இல்லை. சுண்ணாம்பை நீர்த்து ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த பளபளப்பு. பூசியதோடும் வேலை முடிவதில்லை. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கல்லாகிறது. அந்தக் கல் கால்சியம் கார்பனேட். பவளத்தின் எலும்புக்கூடும் கால்சியம் கார்பனேட்தான், படிக அமைப்பு மட்டும் வேறு. எங்கள் வளவுச் சுவரும் அவன் தொட்டிக்குள் வளரும் கிளையும் ஒரே பொருள். இரண்டுமே அவசரப்பட்டால் கெட்டுவிடும். ஒரு பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றினால் சுவர் விரியும் என்று கொத்தனார் சொல்வார். இரண்டு நாளில் ஆல்கலினிட்டியை இரண்டு டிகிரி ஏற்றாதே என்று பவளக்காரர்கள் சொல்கிறார்கள்.

ஒரு வித்தியாசமும் உண்டு. செட்டிநாட்டு வீட்டில் செம்புப் பானைத் தண்ணீருக்கு மதிப்பு அதிகம். பவளத்துக்குச் செம்பு விஷம், நுண்ணளவு போதும். ஓரிடத்து நல்லது இன்னோரிடத்துக்குப் பொருந்தும் என்று நம்பி எதையும் ஊற்றிவிடக்கூடாது.

இனி நிறம். இந்த இடத்தில்தான் நான் நினைத்திருந்ததெல்லாம் மாறிப்போனது. பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. அவை ஒளியை உண்டு சர்க்கரை சமைத்துத் தருகின்றன. பவளத்தின் உணவில் பெரும்பங்கு அவற்றிடமிருந்து வருகிறது. அந்தப் பாசியின் நிறம் பழுப்பு. ஊதாவும் பச்சையும் நீலமும் பவளம் தானே உண்டாக்கும் புரதங்களின் நிறங்கள். அவற்றில் பலவற்றின் வேலை அழகு காட்டுவது அல்ல. மிகுந்த ஒளியிலிருந்து தன்னையும் தன் குடியிருப்பாளர்களையும் காக்க விரிக்கும் குடை அது. நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடினால் பாசி பெருகி, எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். அவை அறவே இல்லாமல் போனால் பாசி மெலிந்து, பவளம் சோகை பிடித்தது போல வெளிறும். நடுவில் ஓர் அகலமில்லாத பாதை. அந்தப் பாதையில் நீர் பல மாதம் ஆடாமல் நின்றால், ஒரு காலையில் கிளை நுனியில் ஊதா தெரியும். எந்தப் புட்டியை வாங்கி ஊற்றினாலும் அந்த ஊதாவை அதற்கு முன்னால் கொண்டுவர முடியாது.

இந்தப் புரதங்களின் வரலாற்றில் ஒரு வீட்டுத் தொட்டிக்கும் இடமுண்டு. ஜெல்லி மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்தார். 2008-இல் அதற்காக மற்ற இருவரோடு நோபல் பரிசும் பெற்றார். அந்தக் குடும்பத்தின் சிவப்புப் புரதம் மட்டும் வெகுகாலம் அகப்படவில்லை. 1999-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அதை வெளியிட்டபோது, அது வந்தது கடலாழத்திலிருந்து அல்ல, மாஸ்கோவில் ஒரு பொழுதுபோக்கு வளர்ப்பாளரின் தொட்டியில் இருந்த காளான் பவளத்திலிருந்து. இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களைச் சிவப்பாக அடையாளமிட்டுக் காட்டும் அந்தப் பொருளின் பின்னால், பனி நாட்டில் யாரோ ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்ட உப்பு நீர் இருக்கிறது. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

இன்னொரு செய்தி மனதைக் கலக்கியது. கடல் சூடாகும்போது பவளம் தன் பாசியை இழந்து வெளுக்கும், இது பலருக்கும் தெரிந்தது. ஆனால் சில பவளங்கள் வெளுப்பதற்குப் பதிலாகத் திடீரென்று கண்ணைப் பறிக்கும் நீலமாகவும் ஊதாவாகவும் மஞ்சளாகவும் மின்னுகின்றன. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மான் குழுவினர் 2020-இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். பாசி குறைந்ததும் உட்புகும் ஒளி வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பிப் பலமடங்காகிறது. அதைத் தடுக்கப் பவளம் நிறப் புரதங்களை அள்ளி இறைக்கிறது. அந்தப் பிரகாசம் அதன் நெருக்கடி.

ஆக, கண்ணைக் கவரும் நிறத்துக்குள் இரண்டு செய்தி இருக்க முடியும். நலமாக இருக்கிறேன் என்பது ஒன்று, போய்க்கொண்டிருக்கிறேன் என்பது இன்னொன்று. தொட்டி வளர்ப்பிலும் இதன் சாயல் உண்டு. நீரிலுள்ள சத்தை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், பாசியைப் பட்டினி போட்டு, மென்மையான வெளிர் நிறங்களை வரவழைக்கும் வழிமுறைகள் இருக்கின்றன. படம் எடுத்தால் அள்ளும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினியால் வந்த அழகு சின்னத் தடுமாற்றத்தையும் தாங்காது. வளர்ச்சி இருக்கிறதா, கிளை நீள்கிறதா, அடி பாறையில் படர்ந்து பிடிக்கிறதா என்று பார்த்தால்தான் அது எந்த நிறம் என்று தெரியும்.

மனிதர்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழில் பார்க்க, எங்கள் பேச்சில் ‘கொண்டுவிக்க’, போனார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பலருடைய தொழிலும் நிலமும் அங்கேயே நின்றுபோயின. அதற்குப் பிறகும் பழைய தோரணை குறையாமல் கல்யாணம் நடத்திய வீடுகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகப்பில் அதே பந்தல், அதே பாத்திர வரிசை, வைரம் மட்டும் இரவல். இளவயதில் அதை வீண் ஆடம்பரம் என்று நினைத்தேன். இப்போது வேறு விதமாகப் படுகிறது. வட்டித் தொழில் செய்கிற குடும்பத்துக்கு நாணயம் என்பது பிறர் கண்ணில் இருக்கும் நம்பிக்கை. அது போனால் மீள வழியே இல்லை. வீடன்மான் குழுவும் இதை ஒத்த ஒன்றைத்தான் சொல்கிறது: அந்த நிறக் குடை நிழல் தருவதால், சூடு அளவோடு இருந்தால் பாசி திரும்பி வந்து குடியேற வாய்ப்புண்டு. அந்தக் கல்யாணங்களும் குடைதான். சில வீடுகளுக்குத் தொழில் திரும்பி வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை.

ஆகவே பிரகாசமாக இருக்கிற யாரைப் பார்த்தாலும் நான் இப்போது உடனே மகிழ்வதும் இல்லை, பழிப்பதும் இல்லை. ஓய்வில்லாமல் சாதித்துக்கொண்டே இருக்கும் இளம் பெண், வாரம் ஒரு விழா எடுக்கும் குடும்பம், எப்போதும் சிரித்த முகத்தோடு திரியும் நண்பர். இவர்களிடம் கேட்கத் தோன்றுவது வேறு: சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா, தூக்கம் வருகிறதா, போன மாதம் இருந்த மாதிரிதான் இந்த மாதமும் இருக்கிறதா? சுவாரசியமில்லாத கேள்விகள். என் அப்பத்தா எல்லோரிடமும் இவற்றைத்தான் கேட்பார். அவருக்கு உலகம் தெரியாது என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

காரைக்குடியில் நானே ஒரு தொட்டி வைக்கலாமே என்று அவன் ஒருமுறை கேட்டான். கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் பவளங்கள் அனைத்தும் இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. அவன் ஊரில் உரிமத்தோடு விற்கும் வளர்ப்புத் துண்டுகள் கிடைக்கும், இங்கே அவற்றை வைத்துக்கொள்வதே குற்றம். அந்தச் சட்டம் எனக்குப் பிடித்த சட்டம். ஏன் என்றால் சுண்ணாம்பின் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் பவளப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் நீரில் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டியெடுப்பையே காரணமாகச் சொல்கிறார்கள். பாறை போனால் அலையைத் தடுப்பது எது?

எங்கள் ஊரிலிருந்து மண்டபத்துக்குக் காரில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. உலகப் பவளப்பாறை அறிஞர்களின் முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் அந்த மண்டபம் முகாமில்தான் நடந்தது. இது செட்டிநாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? எதிரே கிடக்கும் வளைகுடாவில் நூற்றுப் பதினேழு வகைக் கல் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. 1998, 2010, 2016 என்று கோடைகளில் நீர் சூடேறி அவை வெளுத்தன. என் தம்பி மகன் தன் தொட்டியை 26 டிகிரியில் வைத்திருக்கிறான். அரை டிகிரி கூடினால் குளிரூட்டி தானே ஓடும், போனில் மணியடிக்கும். வளைகுடா 31-ஐத் தாண்டும்போது ஓட எந்தக் குளிரூட்டியும் இல்லை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். அவர்களும் நிறத்தைப் பேசுவதில்லை. எத்தனை துண்டு பிழைத்தது, எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்றுதான் எழுதி வைக்கிறார்கள்.

மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு அவன் ஊருக்கு வருகிறான். அந்தப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளித்தாலும் மன்னார் வளைகுடாப் பக்கம் அமைதியாக இருக்கும். குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். போனில் சொன்னபோது, அங்கே என்ன நிறமெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டான். பெரும்பாலும் பழுப்பு, கொஞ்சம் சாம்பல் பச்சை என்றேன். "அப்போ நல்லா இருக்கு அயித்தை, போவோம்" என்றான்.