கடைசி நூல்முனை வரை



பாஸ்கா காலத்து மூன்றாம் வாரச் சனிக்கிழமை வாசகம் நம்மை யோப்பாவுக்கு அழைத்துப் போகிறது. அதுவும் கடற்கரை ஊர்தான். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வாழும் நமக்கு அந்த உப்புக்காற்று புதிதல்ல. அங்கே தபித்தா என்னும் பெண் சீடர் இறந்து கிடக்கிறார். பேதுரு மாடியறைக்கு ஏறி வந்ததும், கைம்பெண்கள் அழுதுகொண்டே தபித்தா செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். பாதியில் நின்றுபோன துணியை அவர்கள் காட்டவில்லை. உடுத்த முடிந்ததையே காட்டினார்கள்.

நம் பங்கில் ஸ்வெட்டர் பின்னும் தாய்மார்களே, இந்த வெயிலில் எதற்குக் கம்பளி என்று யாராவது கேட்டால், ஐப்பசி அடைமழையில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பிறக்கப்போகும் பிள்ளைகளைச் சொல்லுங்கள். பச்சிளம் குழந்தையின் உடல்சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அது வெகு சீக்கிரம் இறங்கிவிடும்.

தானாகவே நிறம் மாறிவரும் உல்லன் நூல் இப்போது கிடைக்கிறது. நீளம் அளந்து சாயம் ஏற்றிய நூல். பின்னிக்கொண்டே போனால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாக வரும். ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதுகில் மெல்லிய கோடாக ஓடும் அதே நிறம், கைப்பகுதியில் அகலப் பட்டையாக விழுகிறது. நூலின் அளவு ஒன்றுதான். கண்ணிகள் குறைந்த இடத்தில் அது கூடுதல் வரிசைகளுக்கு வருகிறது. குறைந்த இடத்தில் அது பெரிதாகத் தெரிவதைப் பார்க்கும்போதெல்லாம், ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

நிறம் நமக்குக் கொடுக்கப்படுகிறது. முடிப்பதுதான் நம் பாடு. முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு என ஐந்து துண்டும் பின்னி, இணைக்காமலே பீரோவில் கிடக்கும் ஸ்வெட்டர்கள் எத்தனை வீடுகளில்! பட்டைகள் நேருக்கு நேர் வரும்படி பக்கங்களைத் தைக்க வேண்டும். தொங்கும் ஒவ்வொரு நூல்முனையையும் ஊசியில் கோத்து, உட்புறக் கண்ணிகளுக்குள் இரண்டு விரற்கடை ஓட்டி, மறுபடி எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஓட்டி, அதன்பிறகே நறுக்க வேண்டும். அவசரமாக முடிச்சுப் போட்டு வெட்டினால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உட்புறத்தில் படுவதோ குழந்தையின் தோல். முடிச்சு அதை உறுத்தும்.

நம் பக்தியில் பெரும்பகுதி வெளிப்பக்கத்து நிறமாகவே நின்றுவிடுகிறது என்பது என் வருத்தம். கொடி ஏற்றுகிறோம், தேர் இழுக்கிறோம். படுக்கையில் கிடக்கும் மாமியாரை நள்ளிரவில் புரட்டிப் படுக்க வைப்பதும், பங்காளியோடு அறுந்துபோன பேச்சை மறுபடி தொடங்குவதும் உட்புற வேலை. ஆண்டவர் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறார்.

2016 ஜனவரியில் சென்னையில், பல ஊர்ப் பெண்கள் குரோஷே ஊசியால் பின்னிய துண்டுகளைச் சேர்த்து 11,148 சதுர மீட்டர் போர்வையாக விரித்தார்கள். கின்னஸில் இடம் கிடைத்தது. பிறகு அதைப் பிரித்து ஏழைகளுக்குப் போர்த்தக் கொடுத்தார்களே, அதுதான் எனக்குச் சாதனையாகப் படுகிறது.

வரும் ஞாயிறு, பாதியில் நிற்பதை எடுத்து வாருங்கள். திருப்பலி முடிந்ததும் சேர்ந்து உட்காருவோம். பார்வை மங்கிய பாட்டிமார்களுக்கு மறைக்கல்விப் பிள்ளைகள் ஊசி கோத்துத் தருவார்கள். பொத்தானை மட்டும் நன்றாக இறுக்கித் தையுங்கள். பிள்ளை வாயில் வைக்கும்.