இரவல் வாங்கிய வாகனமும் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த ஜுமுஆ உரையைத் தொடங்குகிறேன்.

இன்று பேசப்போகும் விஷயம் நம் வீடுகளில் தினமும் நடப்பது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிகிறது. எல்.எல்.ஆர். போட்டு, ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டி, லைசென்ஸ் கைக்கு வருகிறது. சொந்தமாக வண்டி இல்லை. மாமா வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. மச்சான் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய வண்டி கவர் போட்டு மூடிக் கிடக்கிறது. "மாமா, வண்டியைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போய்ட்டு வரட்டுமா?" என்று பிள்ளை கேட்கிறான். சொந்தத்தில் கேட்கும்போது மறுக்க வாய் வராது. சாவி கை மாறுகிறது.

அந்தச் சாவியோடு கை மாறுவது வெறும் வண்டி அல்ல. ஒரு மனிதரின் பொருள், அவர் பெயரில் உள்ள ஆர்.சி. புத்தகம், ரோட்டில் நடக்கும் மக்களின் உயிர், இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான உறவு எல்லாமே அந்தப் பிள்ளையின் கைக்கு வருகின்றன. மார்க்கத்தில் இதற்கு 'ஆரியத்' என்று பெயர். பொருளை உடைமையாக்கிக் கொடுக்காமல், பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தரும்படி கொடுப்பது. நாம் இரவல் என்கிறோம்.

கொடுப்பது நன்மை

அண்டை அயலாருக்கு அன்றாடப் புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களை அல்லாஹ் அல்மாவூன் அத்தியாயத்தின் இறுதியில் கண்டிக்கிறான். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களைக் கண்டித்த அதே தொடர்ச்சியில் இதையும் சொல்கிறான். இரவல் கொடுப்பது அவ்வளவு கனமான விஷயம்.

நபி (ஸல்) அவர்களே வாகனத்தை இரவல் வாங்கியிருக்கிறார்கள். ஒருநாள் மதீனாவில் திடீரென்று பீதி கிளம்பியது. எதிரி வந்துவிட்டானோ என்று மக்கள் கலங்கினார்கள். நபியவர்கள் அபூ தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து மன்தூப் என்ற குதிரையை இரவலாகப் பெற்று, தனியாகச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பயப்பட எதுவும் இல்லை என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்தக் குதிரை கடலைப் போல ஓடுகிறது என்று பாராட்டவும் செய்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் உள்ளது.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. தேவைக்காக வாங்கினார்கள். தேவை முடிந்ததும் திரும்பி வந்தார்கள். வாங்கிய பொருளைப் பற்றி உரியவரின் மனம் குளிரும்படி நல்ல வார்த்தை சொன்னார்கள். நம்மில் சிலர் வண்டியைத் திருப்பி விடும்போது, "என்ன மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, மைலேஜும் இல்லை" என்று குறை சொல்லிவிட்டுப் போகிறோம்.

சாவி தொங்குவது அனுமதி அல்ல

மாமா, சாச்சா, மாமி வீடுகளில் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 61வது வசனத்தில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். அந்தச் சலுகை உணவுக்கு. ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு, "நம்ம மாமாதானே, ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று கிளம்புவதை அதோடு சேர்க்க முடியாது. மனம் ஒப்பித் தராத ஒருவரின் பொருள் நமக்கு ஹலால் இல்லை. முகத்துக்காகச் சரி என்கிறாரா, மனதாரச் சரி என்கிறாரா என்பதைக் கேட்பவர்தான் கவனிக்க வேண்டும்.

கேட்கும்போது உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், இளைஞர்களே! லைசென்ஸ் வந்து பத்து நாள்தான் ஆகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தால் கியர் வண்டியைக் கேட்காதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள், பின்னால் யார் உட்காருவார்கள் என்பதையும் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்ட் வரை என்று கேட்டு வாங்கிய வண்டி ஏற்காடு மலையில் நின்றால், அந்த நிமிடமே அனுமதி முடிந்துவிட்டது. நண்பன் ஒரு ரவுண்டு கேட்கிறான் என்று கொடுப்பதற்கும் நமக்கு உரிமை இல்லை. மாமா நம்பியது உங்களை, உங்கள் நண்பனை அல்ல.

மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்த்தவர் ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் உள்ளது. பிற உயிரோடு தொடர்புள்ள வேலையை அறியாமல் செய்யாதே என்பதே இதன் அடிப்படை. நூறு சிசி வண்டியில் பழகிய கைக்கு முன்னூற்றைம்பது சிசி புல்லட் புதிய வண்டிதான். எடை வேறு, கிளட்ச் பிடிக்கும் இடம் வேறு. பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். அவசரத்தில் பிரேக் என்று நினைத்து மிதித்தால் கியர் மாறும். எட்டு போடத் தெரிந்தது மட்டும் இதற்குப் போதாது. உரியவரையே அருகில் நிறுத்தி, ஆள் இல்லாத இடத்தில் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் கடைவீதிக்குள் போக வேண்டும்.

மறுப்பது கஞ்சத்தனம் அல்ல

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களே! கொடுப்பது நன்மை என்றதும் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவதா? இல்லை. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விட்டால், ஓட்டியவருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் போலவே கொடுத்தவருக்கும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் கிடைக்கும். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் இது. விபத்து நடந்து, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் கொடுத்த பணத்தை வண்டியின் உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கும் நிலையும் வரும்.

எனவே "லைசென்ஸை எடுத்துட்டு வா, அப்புறம் தர்றேன்" என்று சொல்லும் மாமா கஞ்சர் அல்ல. அக்கா மகனின் உயிரைக் காப்பாற்றுகிறார். "என் பிள்ளைக்கு ஒரு வண்டி தர மனசில்லை" என்று அக்கா பேச்சை நிறுத்துவது நியாயமா? உறவைத் துண்டிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்குத் தெரியும்.

கொடுப்பவர் சரியான நிலையில் உள்ள வண்டியைக் கொடுக்க வேண்டும். பின் பிரேக் பிடிக்காது, டயர் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது, சைடு ஸ்டாண்டு தானாக இறங்கும் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். விற்கும் பொருளின் குறையை மறைப்பதே கூடாது என்றால், உயிரைச் சுமக்கும் பொருளின் குறையை மறைக்கலாமா?

நபியவர்கள் வாகனம் ஓட்டிய முறை

ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை முரட்டுத்தனமான ஒட்டகம் ஒன்றில் ஏறி, அதை அடக்குவதற்காக முன்னும் பின்னும் இழுத்தார்கள். மென்மையைக் கடைப்பிடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வாகனம் முரண்டு பிடிக்கும்போது நாமும் முரட்டுத்தனம் காட்டினால் இழப்பு நமக்குத்தான்.

ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது பெரும் கூட்டம். நபியவர்கள் தம் ஒட்டகம் கஸ்வாவின் தலை சேணத்தைத் தொடும் அளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள். நிதானம், நிதானம் என்று மக்களுக்குக் கையால் சைகை காட்டினார்கள். கூட்டத்தில் மிதமாகச் சென்றார்கள். வழி காலியாக இருந்த இடத்தில் சற்று வேகம் கூட்டினார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், சந்தை வாசலில், ஜுமுஆ முடிந்து வெளியேறும்போது நம் இளைஞர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஸுன்னத் இது.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "விதி இருந்தா எப்படியும் நடக்கும்" என்று சொல்லி அதைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் தலைக்கவசம் அணிந்தே ஊருக்குள் நுழைந்தார்கள். அவர்களை விட தவக்குல் உடையவர் யார்? பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஏறும்போது, ஸுக்ருஃப் அத்தியாயம் 13, 14வது வசனங்களில் அல்லாஹ் கற்றுத் தரும் பயண துஆவை ஓதுங்கள். இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தியவன் அவனே, நாம் அவனிடமே திரும்பப் போகிறோம் என்ற நினைவோடு ஏறுபவர் ஒற்றைச் சக்கரத்தில் வித்தை காட்ட மாட்டார்.

சேதம் ஏற்பட்டால்

ஹிஜ்ரி 8ல் ஹுனைன் போருக்காக நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் பின் உமையாவிடம் போர்க் கவசங்களை இரவல் கேட்டார்கள். ஸஃப்வான் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பறித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவல் என்றார்கள் நபியவர்கள். போரில் சில கவசங்கள் தொலைந்தன. அவற்றுக்கு ஈடு தர நபியவர்கள் முன்வந்தார்கள். அதற்குள் ஸஃப்வானின் உள்ளம் இஸ்லாத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது; ஈடு வேண்டாம் என்றார். மக்காவை வென்ற தலைவர், வெல்லப்பட்ட ஊர்க்காரர் ஒருவரின் பொருளுக்குக் கணக்குச் சொல்கிறார்! மாமாவின் வண்டிக்கு நாம் கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஷாஃபிஈ மத்ஹபின்படி, அனுமதித்த பயன்பாட்டில் ஏற்படும் இயல்பான தேய்மானம் தவிர, மற்ற சேதங்களுக்கு இரவல் வாங்கியவரே பொறுப்பு; அவர் மீது தவறு இல்லாவிட்டாலும் ஈடு செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபின்படி, அது அவர் கையில் அமானிதம். அலட்சியம் காட்டினாலோ அனுமதியை மீறினாலோதான் ஈடு கடமையாகும். ஒன்றில் கருத்து வேறுபாடே இல்லை. மறைப்பது மோசடி. டேங்கில் விழுந்த கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டு நழுவுவது எந்த மத்ஹபிலும் கூடாது.

விழுந்துவிட்டதா? அன்றே சொல்லுங்கள். "மாமா, திருப்பத்துல வழுக்கிடுச்சு. இண்டிகேட்டர் உடைஞ்சுபோச்சு. நானே மாத்தித் தர்றேன்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பிறகு மெக்கானிக்கிடம் விட்டு, அதே தரத்தில் மாற்றிக் கொடுங்கள். ஊற்றியிருந்த அளவுக்காவது பெட்ரோலை நிரப்பிக் கொடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் சிக்னலைத் தாண்டிய அபராதம் உங்களுக்கு வராது. பத்து நாள் கழித்து மாமாவின் போனுக்கு வரும். அது உங்கள் கடன். உயிர்த் தியாகிக்கே கடன் மன்னிக்கப்படாது என்ற நபிமொழியை நாம் கேட்டிருக்கிறோம்.

உரியவரும் பெருந்தன்மை காட்ட வேண்டும். நபியவர்களின் மனைவியர் ஒருவர் அனுப்பிய உணவுத் தட்டு இன்னொரு மனைவியின் வீட்டில் உடைக்கப்பட்டபோது, நபியவர்கள் சத்தம் போடவில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள்; உடைந்ததை வைத்துக்கொண்டு நல்ல தட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். நஷ்டமும் ஈடானது, உறவும் மிஞ்சியது. இதைவிட்டுவிட்டு, ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "இவன்தான் என் வண்டியை உடைச்சவன்" என்று சொல்லிக் காட்டினால் கொடுத்த நன்மை அழிந்துபோகும்.

உயிர் போனால்?

சகோதரர்களே! இண்டிகேட்டரை மாற்றலாம். மனிதரை மாற்ற முடியாது. தவறுதலாக ஒரு முஃமினின் உயிர் நம்மால் போனால், அன்னிஸா அத்தியாயத்தின் 92வது வசனப்படி அவருடைய குடும்பத்துக்கு உயிரீடு உண்டு, பரிகாரமும் உண்டு. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாத இன்றைய நிலையில், தொடர்ச்சியாக இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். தன் தவறான ஓட்டுதலால் ஒருவர் இறக்கக் காரணமானவருக்கும் இந்தச் சட்டத்தையே அறிஞர்கள் கூறுகிறார்கள். வழக்கு முடிந்தது, இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்தாகிவிட்டது என்பதோடு விஷயம் முடிவதில்லை. விபத்து நடந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். இறங்குங்கள், 108ஐ அழையுங்கள். அடிபட்டவருக்கு உதவுவது மார்க்கத்தின் கடமை, நாட்டுச் சட்டத்தின் கடமையும்கூட.

ரமலான் இரவுகளில், பெருநாள் காலையில், ஒரு வண்டியில் மூன்று பேராகச் சைலன்சர் அலற நம் பிள்ளைகள் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பல வண்டிகள் இரவல் வண்டிகள். தராவீஹ் தொழுதுவிட்டு வரும் பெரியவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமுதாயம், தானே பாதையின் தொல்லையாகலாமா? பெற்றோரே, பிள்ளை யாருடைய வண்டியில் போகிறான் என்று இன்றிரவே கேளுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அதே அன்னிஸா அத்தியாயத்தின் 58வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். வாங்கியபடியே வண்டியும், போனபடியே பிள்ளையும் வீடு திரும்ப வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை ரோட்டின் ஆபத்துகளிலிருந்து காப்பாற்றுவாயாக. அவர்களுக்கு நிதானத்தைத் தருவாயாக. பிறர் பொருளைப் பேணும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவர்களுக்கு ஷிஃபாவையும், உறவை இழந்து தவிப்பவர்களுக்கு ஸப்ரையும் தருவாயாக. எங்கள் குடும்பங்களுக்கு இடையே அன்பை நிலைக்கச் செய்வாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.