பக்குவமும் பரீட்சையும்

ஒரு பிள்ளையின் பக்குவத்தை ஒரே பரீட்சையைக் கொண்டு நிர்ணயித்துவிடலாமா என்பது கல்வி அமைச்சு மட்டும் விடை காணவேண்டிய கேள்வியன்று. மனிதன் எதனால் மதிப்புப் பெறுகிறான் என்னும் பழைய தத்துவ விசாரத்தின் ஒரு கிளையே அது. ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, மலாய்மொழி போதாவிடில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்துப் பின் இடைநிலைப்பள்ளியில் ஐந்து படிவங்களையும் கடந்து, எஸ்.பி.எம். தேர்வின் முன் நிற்கிறது. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் நீக்கப்பட்டபின் அத்தேர்வின் பாரம் முன்னினும் மிகுந்தது. 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினாலன்றிச் சான்றிதழே இல்லை என்பதால், கணிதத்தில் சமர்த்தனான பிள்ளையும் வெறுங்கையோடு வெளியேற நேரலாம்.

வேறு மார்க்கங்கள் இல்லாமல் இல்லை. குளுவாங்கிலும் ஜொகூர் பாருவின் தஞ்சோங் புத்ரியிலும் தொழிற்கல்லூரிகள் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழோ, எஸ்.பி.எம். இல்லாதவரையும் முதல் நிலையில் ஏற்று, நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் பெறச் செய்கிறது. ஆயினும், "படிப்பு ஏறவில்லை, அதனால்தான் அங்கே சேர்த்தோம்" என்று பெற்றோர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, பிள்ளை கற்கத் தொடங்குமுன்பே அதன் வித்தை இழிவுபட்டுவிடுகிறது.

இத்தாழ்வு நம் சமயத்துக்கு உடன்பாடானதா? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கையும் சைவ சித்தாந்தம் ஆன்மாவின் பக்குவத்துக்கேற்ற படிகளாக வகுத்தது. ஞானமே முடிவான படி என்பதில் அதற்கு ஐயமில்லை. ஆனால் சரியையில் நிற்பவனை அது இகழ்ந்ததில்லை. சரியைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படும் அப்பர் சுவாமிகள், திருக்கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கிய உழவாரப்படையைத் தோளில் சார்த்தியபடியே, ஞானத்துக்கு எடுத்துக்காட்டான மணிவாசகரோடு ஒரே வரிசையில் நால்வருள் ஒருவராய் எழுந்தருளியிருக்கிறார். இருவருக்கும் ஒரே தீபாராதனைதான் காட்டப்படுகிறது. கைக்கருவியோடு கூடிய திருமேனியைக் கும்பிடுகிற சமுதாயம், பாசிர் கூடாங் பட்டறையில் முகக்கவசம் தரித்து, மூச்சையும் கையையும் ஒருங்கே அடக்கி, இரும்போடு இரும்பைக் கண்ணறையின்றிப் பற்றவைக்கப் பழகும் இளைஞனைக் குறைவாய் எண்ணுவது தன் வழிபாட்டைத் தானே மறுப்பதாகும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. 'அவரவர் பக்குவத்துக்கேற்ற வழி' என்ற பேச்சு, பிறப்பைக் காரணம் காட்டிப் பலரைப் பல நூற்றாண்டுகள் வாசலிலேயே நிறுத்திவைக்கவும் பயன்பட்டது. ஆகவே ஒரு மார்க்கம் தர்மத்துக்கு இசைந்ததா என்று அறிய இரண்டு சோதனைகள் வேண்டும். பிள்ளையின் நாட்டமும் திறமையும் அதனை அவ்வழியில் செலுத்தினவா, அன்றி வீட்டு வறுமையும் ஆசிரியரின் அவசர முடிவும் தள்ளினவா என்பது ஒன்று. அவ்வழி மேலே ஏறுகிறதா, பாதியில் சுவரில் முட்டுகிறதா என்பது மற்றொன்று. பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் 1993-இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையமாகத் தோன்றியது, 2007-இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமாயிற்று. நிலையமே படிப்படியாக ஏறிய அந்த இடத்தில், திறன் டிப்ளோமாவோடு வருபவனுக்கும் பட்டப்படிப்பின் வாயில் அடைக்கப்படவில்லை. ஏறும் வழிதான் மார்க்கம்; ஏறாதது எத்தனை அழகிய பெயர் பூண்டாலும் ஒதுக்கிவைப்பதே.

ஆதலால் ஜொகூர்ப் பெற்றோர்களையும் ஆலய நிர்வாகத்தினரையும் வேண்டிக்கொள்வது இது: எஸ்.பி.எம். தேர்வில் சிறந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் அதே மேடைக்குத் திறன் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளையும் அழையுங்கள். அதே மரியாதையைச் செய்யுங்கள். அடுத்த நிலைக்கு அவர்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.