குளிருக்கு ஒதுங்கும் உயிர்கள்

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் பேர்ண் மாநகரில் வெயில் சட்டென மெலிந்துவிடுகின்றது. ஆரெ ஆற்றங்கரை மரங்கள் மஞ்சளாகின்றன, நாமும் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து குளிரங்கிகளை எடுத்து உதறுகின்றோம். அதே வாரங்களில் எமது வீடுகளை நோக்கி வேறு சில சீவன்களும் புறப்படுகின்றன. கோடை முழுவதும் வயலிலும் பற்றையிலும் திரிந்த சுண்டெலிகள் நிலக்கீழ் அறையின் வாசலைத் தேடுகின்றன. வெயில் விழும் சுவரிலும் யன்னல் விளிம்பிலும் பொறிவண்டுகள் திரளாக ஒட்டிக்கொள்கின்றன. நாற்றப் பூச்சிகள் யன்னற்சீலை மடிப்புக்குள் ஒளிந்துகொள்கின்றன.

இவற்றை என்ன செய்வது என்பது கடையில் மருந்து வாங்குவதோடு முடிந்துபோகும் விடயமன்று. வள்ளுவர் கொல்லாமைக்கென ஒரு முழு அதிகாரம், முப்பத்துமூன்றாவது, எழுதி வைத்தார். அதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் வீட்டிலேயே குசினி மூலையில் பொறியும் இருக்கின்றது. சுண்டெலியைக் கண்டால் அப்பம்மா, “அது பிள்ளையாற்றை வாகனமெல்லோ, அடியாதையுங்கோ” என்பார். இங்கு பிறந்த பேரப்பிள்ளை உடனே, “அப்ப ஏன் அம்மா பொறி வைக்கிறா?” என்று கேட்கும். “போய்ப் படி” என்பதுதான் பெரும்பாலும் எமது பதில். பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் கொடுக்கவேண்டிய கடமை எமக்குண்டு.

முதலில், வந்திருப்பது யார் என்று அறிவோம். தமிழில் நாம் சுண்டெலி, எலி, மூஞ்சூறு எனப் பிரித்துச் சொன்னாலும் இருட்டில் ஒன்று குறுக்கே ஓடினால் எல்லாம் எலிதான். சுண்டெலியின் எச்சம் அரிசிமணியிலும் சிறியது, கறுப்பு நிறம், முனை கூரானது. கருஞ்சீரகம் சிந்திவிட்டதென்று துடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெரிய எலியின் எச்சம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். இரவில் சுவருக்குள் சுரண்டும் ஓசை, அரிசி மூட்டையின் மூலையில் கொறித்த துவாரம், நிலக்கீழ் அறையில் மூக்கை அரிக்கும் ஒரு நெடி ஆகியவை மற்ற அடையாளங்கள். ஒரு பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது ஆறேழு மில்லிமீற்றர், சுண்டெலிக்குப் போதும்.

மூஞ்சூறோ எலி இனமே அன்று. கூரிய நீண்ட மூக்கும் மிகச் சிறிய கண்ணும் அதற்கு உண்டு. அது தின்பது பூச்சி, புழு, நத்தை. எமது அரிசியில் அதற்கு நாட்டமில்லை. குளிர்காலத்தில் அதுவும் கொட்டில்களுக்குள்ளும் நிலக்கீழ் அறைகளுக்குள்ளும் ஒதுங்குவதுண்டு. சுவிஸ் நாட்டில் மூஞ்சூறுகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, சுண்டெலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளையாரின் வாகனத்தை மூஞ்சூறு என்றே சொல்லி வளர்ந்த எம்மவர்க்கு இது சற்று வேடிக்கையாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். அப்பம்மாவின் பேச்சைச் சுவிஸ் நாட்டுச் சட்டமும் பாதியளவு ஒத்துக்கொள்கின்றது.

கரப்பொத்தானிலும் இதே கதைதான். வீட்டுக்குள் பெருகி மனிதரை வதைப்பது ஜேர்மன் கரப்பொத்தான். அதன் கழுத்துக்கவசத்தில் இரண்டு கருங்கோடுகள் உண்டு, விளக்கைப் போட்டதும் ஓடி மறையும். இன்னொன்று காட்டுக் கரப்பொத்தான். அதே பருமன், மண்ணிறம், ஆனால் கோடு இல்லை. அது பகலிலும் கூசாமல் திரியும், வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். கோடை முடிவில் திறந்த யன்னலால் தவறி வரும் அது வீட்டுக்குள் பெருகாது, சில நாளில் தானாகவே இறந்துவிடும். ஒரு குவளையால் மூடி, கீழே ஒரு கடதாசியைச் செருகி வெளியே விட்டால் போதும். இரண்டையும் பிரித்தறியாமல் குசினி முழுவதும் நஞ்சு தெளிப்பதும், பிள்ளைகள் அந்த மேசையிலேயே சாப்பிடுவதும் கொல்லாமைக்கும் பொருந்தாது, புத்திக்கும் பொருந்தாது. பொறிவண்டுக்கும் நாற்றப் பூச்சிக்கும் கூட இந்தக் குவளையும் கடதாசியுமே போதும். இவை அரிசியையும் தொடுவதில்லை, மரத்தையும் அரிப்பதில்லை. நாற்றப் பூச்சியை மட்டும் நசுக்கவேண்டாம். பெயரே காரணம் சொல்கின்றது.

ஆகவே வந்தவற்றில் பாதிக்கு மேல் கொல்லவே தேவையில்லை. மிகுதிதான் கடினம்.

கயமுகாசுரன் எலியாகி வந்தபோது பிள்ளையார் அவனைக் கொல்லவுமில்லை, போகவிடவுமில்லை. ஏறி அமர்ந்தார் என்று கந்தபுராணம் சொல்லும். ஊர்க் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. எலிக்குக் கொடுத்த கௌரவம் அடக்கத்தின் பின் வந்த கௌரவம். அதனாற்றான் அதே பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்த வன்னி விவசாயி நெல்வயலில் எலிக்குப் பொறியும் வைத்தான். அதில் முரண்பாடு இருப்பதாக அவன் நினைக்கவில்லை. மறுபுறம் இராசஸ்தானில் தேஷ்னோக் கர்ணி மாதா கோயிலில் ஆயிரக்கணக்கான எலிகளுக்குப் பாலும் இனிப்பும் படைக்கிறார்கள். அதையும் நாம் இகழவேண்டியதில்லை. ஆனால் கோயிலின் வழக்கத்தை மாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவர இயலாது.

எலியை மனிதன் வெறுத்தது அழுக்குக்காக மட்டுமன்று. 1894இல் ஹொங்கொங்கில் பிளேக் நோயின் கிருமியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் யெர்சன், இந்நாட்டு வோ மாநிலத்தில் பிறந்தவர். எலியிலிருந்து மனிதருக்கு அதைத் தெள்ளே காவுகின்றது என்பதை 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். 1914இல் அந்நோய் கொழும்பை அடைந்தது. கப்பலும் தானியமும் எலியும் ஒன்றாகப் பயணம் செய்த காலம் அது. இன்று பேர்ண் வீட்டுச் சுண்டெலியால் பிளேக் வரும் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் அது உணவில் சிறுநீர் கழிக்கும், வயிற்றோட்டக் கிருமிகளைப் பரப்பும், மின்கம்பியையும் கொறிக்கும். கைக்குழந்தை தவழும் வீட்டில் அதனோடு சேர்ந்து வாழ்வோம் என்பது கருணையாகாது. அங்கே எமது முதற்கடமை குழந்தைக்கே.

கொல்லவேண்டி வந்தால் எப்படி என்பதிலும் தருமம் உண்டு. 1992 மே மாதம் சுவிஸ் மக்கள் வாக்களித்து, மனிதரல்லாத உயிர்களுக்கும் ஒரு மாண்பு உண்டென்பதை அரசியலமைப்பில் எழுதினார்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமின்றி ஒரு விலங்குக்கு வலியோ அச்சமோ கொடுப்பதைத் தடுக்கின்றது. அது முதன்மையாக முதுகெலும்புள்ள பிராணிகளுக்கே உரியது. சுண்டெலி அதற்குள் அடங்கும், கரப்பொத்தான் அடங்காது. உயிரெல்லாம் உயிரே என்று சொல்லும் எமது மரபு அந்தக் கோட்டை அவ்விடத்தில் போட்டிருக்காது. ஆயினும் வலியைக் கணக்கிலெடு என்ற நியாயத்தை நாம் மறுக்கமுடியாது. ஒட்டும் பலகையில் சிக்கிய சுண்டெலி மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். குருதி உறையாமற் செய்யும் நஞ்சைத் தின்றது பல நாட்கள் எடுத்து உள்ளே இரத்தம் கசிந்து சாகும், அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும். நல்ல அடிபொறி ஒரு கணத்தில் முடித்துவிடும். எம்மவர் பலர் நஞ்சை விரும்புவதன் காரணம், சாவதை நாம் பார்க்கவேண்டியதில்லை என்பதே. கண்ணுக்கு மறைவாக நடந்தால் பாவம் குறைந்துவிடும் என்ற எண்ணம் எமக்கு ஒப்பாது.

உயிரோடு பிடிக்கும் கூடுகளைப் பற்றியும் இதையே சொல்லவேண்டும். ஐப்பசியில் பிடித்து ஒரு கொட்டிலின் அருகே விடுவது வேறு. மார்கழியில், வீட்டுச் சூட்டில் பிறந்து வளர்ந்த சுண்டெலியை வாகனத்தில் ஏற்றிச்சென்று பனி மூடிய வெளியில் விட்டுவிட்டு, நாம் கொல்லவில்லை என்று நெற்றியில் திருநீறு பூசுவது வேறு. அது பெரும்பாலும் அன்றிரவே குளிரில் விறைத்துவிடும். கொன்றது பனி, கை எமது.

உண்மையான கொல்லாமை புரட்டாதியிலேயே தொடங்கவேண்டும் என்பது எமது துணிபு. சுண்டெலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு தடவைக்கு ஐந்து தொடக்கம் எட்டு. அக்குட்டிகள் ஆறு வார அளவில் தாமும் தாயாகத் தயார். ஒன்றைக் கண்டதும் இரக்கப்பட்டுச் சும்மா இருந்தவர் தைப்பொங்கலுக்கு முன் இருபதைக் கொல்லவேண்டி வரும். நீர்க்குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தைச் சுற்றிச் சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிச்சுருளைத் திணித்துப் பூசுவதும், நிலக்கீழ் அறைக் கதவின் அடியில் தகடு அடிப்பதும் அரை நாள் வேலை. இருபது கிலோ அரிசியும் பருப்பும் மாவும் கடதாசிப் பையிலோ சாக்கிலோ இருக்கக்கூடாது, மூடியுள்ள வாளியில் இருக்கட்டும். அந்துப்பூச்சிக்கும் அதுவே மருந்து. அந்து குளிருக்காக வெளியிலிருந்து வருவதன்று. கடையில் வாங்கிய மாவோடும் உலர்பழத்தோடும் வந்து, வெப்பமூட்டிய வீட்டில் மாரி முழுவதும் பெருகும். மாவில் நூலாம்படை போலத் தெரிந்தால் அதுதான். புதிதாக வாங்கியதை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் முட்டைகள் கெட்டுவிடும். ஊரில் நெல்லுக்குள் வேப்பம் சருகு போட்ட எமது முன்னோர் செய்ததும் இந்தத் தடுப்பு வேலையே.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்று உண்டு. சொல்வதுதான் அது. கரப்பொத்தான் பழைய குளிர்சாதனப் பெட்டியோடும் அட்டைப்பெட்டியோடும் பயணப்பொதியோடும் வரும், எவ்வளவு சுத்தமான வீட்டுக்கும் வரும். ஆனால் எம்மவர் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். “சொன்னால் தமிழ் ஆக்கள் ஊத்தை எண்டு நினைப்பினம்” என்பார்கள். மனிதரைப் பூச்சிக்கு ஒப்பிடும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அறிந்த இனம் நாம், ஆகவே இந்த வெட்கத்தை நாம் எள்ளவில்லை. ஆயினும் பும்பிளிட்ஸ், பெத்லகேம் பகுதி உயர்மாடிகளில் ஒரு வீட்டின் குழாய்வழியே அடுத்த வீட்டின் குழாய்வழி. நாம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் மேல்வீட்டுக் குசினியில் ஒரு தலைமுறை கரப்பொத்தான் பிறக்கின்றது. எமது மானத்துக்கான விலையை அங்கே இன்னொருவர் கட்டுகிறார். சட்டமும் இதில் தெளிவு: வாடகைக்கு இருப்பவர் தாம் சரிசெய்யவேண்டியதல்லாத குறையை உரிமையாளருக்கு அறிவிக்கவேண்டும், அறிவிக்காமல் விட்டதால் வந்த நட்டத்துக்கு அவரே பொறுப்பு.

கண்ட திகதி, இடம், எச்சமோ பூச்சியோ என்பதை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். மொழி தடையென்றால் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், அவர்களின் கேள்விக்கு அதுவும் ஒரு பதிலாகும். பிறகு மேல்வீட்டுக் கதவையும் கீழ்வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லுங்கள். அவர்களும் இரண்டு வாரமாக அதே சுரண்டல் ஓசையைக் கேட்டபடி, உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு இருந்திருக்கக்கூடும்.