சாவி யார் கையில்?

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். பஸ்ல நின்னுக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணாம, உட்கார்ந்து நிதானமா படிங்க.

ஒரு சிறைச்சாலை. அதுக்குள்ள ஒரு சலவைக்கூடம். பெரிய வாஷிங் மெஷின்கள், டிரையர்கள், மலை மாதிரி துணி. வேலை செய்றவங்க எல்லாரும் கைதிகள்தான். அங்கே தீப்பிடிக்குது. யாரும் வேணும்னு வைக்கல. புகை அறைகளுக்குள்ள போக ஆரம்பிக்குது. காவலர் இடுப்புல சாவிக்கொத்து இருக்கு. அவர் என்ன செய்யணும்?

"திறந்து விடணும், இதுல என்ன கேள்வி?"ன்னு உடனே தோணும். ஆனா நடந்த சம்பவங்களைப் படிச்சா, அந்த நிமிஷத்துல பலபேருக்கு அப்படித் தோணவே இல்லைன்னு தெரியுது.

முதல்ல, சலவைக்கூடத்துல தீ எப்படி வருது? ஒரு காரணம், டிரையருக்குள்ள சேர்ற பஞ்சுத் தூசு. அதைச் சுத்தம் பண்ணாம விட்டா சூட்டுல பத்திக்கும். இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. சமையலறையில எண்ணெய் துடைச்ச துணி இருக்கே, அதைத் துவைச்சாலும் எண்ணெய் முழுசா போகாது. சமையல் எண்ணெய் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேரும்போது கொஞ்சம் கொஞ்சமா வெப்பத்தை வெளியே விடும். டிரையர்ல இருந்து சூடா எடுத்து அப்படியே குவிச்சு வச்சா, உள்ளே இருக்கிற வெப்பம் வெளியே போக வழியில்லாம ஏறிக்கிட்டே போகும். சில மணி நேரம் கழிச்சு, எல்லாரும் வேலை முடிச்சுப் போன பிறகு, துணி தானாவே பத்திக்கும். ஓட்டல், ஆஸ்பத்திரி சலவைக்கூடங்களுக்கும் இதே ஆபத்துதான். துணியை ஆறவிட்டு, குவிக்காம வச்சாலே பெரும்பாலும் தப்பிச்சுடலாம்.

சரி, இது தற்செயல்தான். யாரையும் கொலைகாரன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த 'தற்செயல்'ங்கிற வார்த்தை எதுவரைக்கும் நீளும்? தீக்கு மட்டுமா, சாவுக்கும் சேர்த்தா?

ஹோண்டுராஸ்னு மத்திய அமெரிக்காவுல ஒரு சின்ன நாடு. அங்கே சான் பெட்ரோ சூலா நகரத்துச் சிறையில 2004 மே 17 அன்னைக்கு மின்கோளாறால தீப்பிடிச்சது. 107 பேர் இறந்தாங்க. எல்லாரும் ஒரே அறைத் தொகுதியில அடைக்கப்பட்டிருந்தவங்க, ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவங்கன்னு அங்கே வைக்கப்பட்டவங்க. இந்த வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2012ல தீர்ப்பு வந்தப்போ, ஹோண்டுராஸ் அரசே தன் பொறுப்பை ஒத்துக்கிட்டது. மின்கோளாறை யாரும் திட்டம் போட்டு வரவைக்கல. ஆனா அத்தனை பேரை ஒரே இடத்துல அடைச்சது, வெளியே வர வழி வைக்காதது, இதெல்லாம் யாரோ எடுத்த முடிவுகள்தானே?

இதுல கொடுமை என்னன்னா, அந்தத் தீர்ப்பு வர்றதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான், அதே நாட்டுல கோமயாகுவா சிறையில 360க்கும் மேற்பட்டவங்க தீயில இறந்தாங்க. 2012 பிப்ரவரி 14 ராத்திரி. உள்ளே இருந்தவங்கள்ல பாதிக்கும் மேல் குற்றவாளின்னு தீர்ப்பே வராதவங்க. (நம்ம நாட்டுச் சிறைகள்லயும் நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிகள்தான். இதைப் பலபேர் யோசிக்கிறதே இல்லை.) கைதிகள் தப்பிக்கப் பார்க்கிறாங்கன்னு நினைச்சு காவலர்கள் துப்பாக்கியால சுட்டாங்க, தீயணைப்பு வண்டிகள் உள்ளே போகவும் தாமதமாச்சுன்னு அப்போ செய்திகள் வந்துச்சு.

நான் சாஃப்ட்வேர்காரன், அதனால என் மூளை பூட்டு பக்கம்தான் போகுது. எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு கதவுக்கும் கார்டு காட்டணும். கதவைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு மின்காந்தம். தீ அலாரம் அடிச்சா அதுக்குப் போற கரண்ட் நின்னுடும், கதவு தானா விட்டுடும். பேங்க் லாக்கர் அறை அப்படி இல்லை. கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும். ஏன்னா உள்ளே இருக்கிறது பணமும் நகையும். சிறைக் கதவு இந்த ரெண்டாவது வகையில செஞ்சது. ஆனா உள்ளே இருக்கிறது மூச்சு விடுற மனுஷன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "திறந்துவிட்டு, ஒரு கொலைகாரன் வெளியே போய் இன்னொரு உயிரை எடுத்தா யார் பொறுப்பு?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்களைக் கல்நெஞ்சக்காரங்கன்னு நான் சொல்லமாட்டேன். பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்கத்தான் செய்யும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அறைக் கதவைத் திறக்கிறது வேற, வெளி மதில் கதவைத் திறக்கிறது வேற. எரியாத இன்னொரு பகுதிக்கோ, மதிலுக்குள்ளயே இருக்கிற மைதானத்துக்கோ ஆட்களை மாத்தினா போதும். நெருப்பு வந்து தொடுறதுக்கு முன்னாடியே புகை கொன்னுடும், அதனால நிமிஷம்தான் முக்கியம். 'திறந்தா ஓடிடுவான், திறக்காட்டி செத்துடுவான்'னு ரெண்டே வழிதான் இருக்குன்னா, அப்படி ஒரு கட்டடத்தையும் அப்படி ஒரு பயிற்சியையும் முன்னாடியே யாரோ கொடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ராத்திரி தனியா நிக்கிற காவலரை மட்டும் கூண்டுல ஏத்துறது எனக்கு நியாயமாப் படல. அவருக்கும் அதுல பங்கு உண்டு, ஆனா சின்னப் பங்கு.

அதோட, நீதிமன்றம் கொடுக்கிறது இத்தனை வருஷம்னு ஒரு கணக்கு. புகையில சாகணும்னு எந்தத் தீர்ப்புலயும் எழுதலையே.

நம்ம முருகன் பிரம்மாவைச் சிறை வச்ச கதை எல்லாருக்கும் தெரியும். பிரணவத்துக்கு அர்த்தம் கேட்டார், பிரம்மாவுக்குச் சொல்லத் தெரியல, அடைச்சுட்டார். அதுக்கப்புறம் நடந்ததுதான் நமக்கு இங்கே வேண்டியது. படைப்புத் தொழிலைத் தானே எடுத்துச் செஞ்சார். ஒருத்தரை அடைச்சா, அவர் செய்ய வேண்டியதை அடைச்சவர் செய்யணும். ஓட முடியாதவனுக்கு, பூட்டினவனோட கால்தான் ஓடணும்னு நான் இதைப் புரிஞ்சுக்கிறேன்.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துக் கதைன்னு விட்டுட முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு, மனநலக் காப்பகத்துல சங்கிலியால கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில இறந்தாங்க. அவங்க எந்தக் குற்றமும் செய்யாதவங்க. அவங்களை நினைக்கும்போது நமக்கு வர்ற அதே கலக்கம், சான் பெட்ரோ சூலா ரவுடிகளை நினைக்கும்போது வரலைன்னா, நாம இரக்கப்படுறது உயிருக்கா, நல்ல பேருக்கா? எனக்கே இதுல தெளிவான பதில் இல்லை. ஆனா சாவி வச்சிருக்கிறவர் அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாதுங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

கோமயாகுவாவுல அன்னைக்குப் பலபேரைக் காப்பாத்தினது யார் தெரியுமா? சிறை மருத்துவ அறையில நர்ஸ் வேலை பார்த்த ஒரு கைதி. மத்தவங்க மாதிரி அவர் அறைக்குள்ள பூட்டப்படல. அதனால அவரால நடமாட முடிஞ்சது. ஒவ்வொரு பூட்டாத் திறந்தும் உடைச்சும் ஆட்களை வெளியே விட்டார். அவர் நினைச்சிருந்தா தன் உயிரை மட்டும் பார்த்துக்கிட்டிருக்கலாம்.

உங்கள்ல நிறைய பேர் ஹாஸ்டல்ல, பிஜியில இருப்பீங்க. ராத்திரி 10 மணிக்கு மேல ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு, சாவியை வாட்ச்மேன் எடுத்துக்கிட்டுப் போயிடுவார். அவர் எங்கே படுக்கிறார், இன்னொரு சாவி எங்கே இருக்குன்னு இன்னைக்கு ராத்திரி கேட்டு வைங்க.