வாளிக்கு வலிக்காது

எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? 'இடியம்ஸ் அண்ட் ஃபிரேஸஸ்'. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து உதடு அசைய மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். 'கிக் த பக்கெட்' என்றால் மண்டையைப் போடுவது. 'ஒயிட் எலிஃபென்ட்' என்றால் வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டிய சொத்து.

இதில் மிரள ஒன்றுமில்லை. நாமும்தான் 'அல்வா கொடுத்துட்டான்' என்கிறோம். திருநெல்வேலியிலிருந்து பார்சல் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வாளிக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கிலீஷ்காரனுக்கே நிச்சயமாகத் தெரியாது. பிறந்த கதையை மறந்தால்தான் இந்தத் தொடர்கள் நாக்கில் சரளமாக ஓடும்.

எல்லாக் கதையையும் அப்படி மறந்துவிடலாமா?

அதே பிள்ளைகளிடம் 'தினம் இங்கிலீஷ் பேப்பர் படி' என்கிறோம். வெளிநாட்டுச் செய்தியில் 'பரையா ஸ்டேட்' என்று வரும். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று அர்த்தம். வடகொரியாவை அப்படி எழுதுவார்கள். டிக்‌ஷனரியைப் புரட்டினால், பறை அடிப்பவர் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும். ஒரு சாதியின் பெயர். ஜன்னலோர சீட்டுப் பையனின் சர்டிஃபிகேட்டில் இருப்பதும் அதே பெயராக இருக்கலாம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்ப் பையன் இதை எப்படி மனப்பாடம் செய்வான்?

வெள்ளைக்காரன் இதை இட்டுக்கட்டவில்லை. இங்கே நாம் நடத்திய லட்சணத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனான். பறை என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. 'பறைசாற்றினார்' என்று நம் பேப்பர்கள் தினமும் எழுதுகின்றன. யாழ்ப்பாணத்தில் பேசுவதையே 'பறையிறது' என்பார்கள். கப்பலேறியது என்னவோ அவமானம் மட்டும்.

கூத்து என்னவென்றால், நிறவெறி ஆட்சி நடந்தபோது தென்னாப்பிரிக்காவுக்கும் இதே பட்டம்தான். மனிதனைத் தோலைப் பார்த்து ஒதுக்கியவனைத் திட்டுவதற்கு, பிறப்பைப் பார்த்து ஒதுக்கப்பட்டவனின் பெயர்!

'சார், யாரும் அந்த அர்த்தத்தில் எழுதுவதில்லையே' என்பீர்கள். வாஸ்தவம். எழுதுகிற நிருபருக்கு விழுப்புரம் எந்தத் திசை என்றே தெரியாது. ஆனால் எத்தனை முறை உதைத்தாலும் வாளிக்கு வலிக்காது. இந்தப் பெயருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ரேஷன் கடையில் நிற்கிறார்கள், காலேஜுக்குப் போகிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள். ஒரு தலித்தைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். இங்கிலீஷில் அதே பெயர் 'வொகாபுலரி' ஆகிவிடுகிறது.

தமிழ் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. பெர்சிவல் பாதிரியார் தொகுத்த ஆறாயிரத்துச் சொச்சம் பழமொழிகளைப் புரட்டிப் பாருங்கள். சாதியைக் குத்துகிறவை, விதவையைக் குத்துகிறவை எல்லாம் உண்டு. அது தனிக் கட்டுரை.

பரீட்சையில் வந்தால் பையன் சரியான விடையையே டிக் செய்யட்டும். மார்க்கை விடச் சொல்ல நான் யார்? சொந்தமாக எழுதும்போது 'ஐசொலேட்டட்' போதும், அர்த்தம் ஒன்றும் குறையாது. பாடம் நடத்துகிற வாத்தியாரும் அர்த்தத்தோடு நிறுத்தாமல், அந்தச் சொல் எங்கிருந்து கப்பலேறியது என்று ஒரு நிமிஷம் சொல்லலாம். சொல்லும்போது வகுப்பில் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.